எரிந்ததா, எரியவில்லையா

எரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்... இல்லை, எரிந்துமிருக்கலாம், வெயில் நேரே முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது, அந்த வெயிலில் இந்த லெப்டொப்பின் பச்சை லைட் என்ன, பக்கத்து வேலி பற்றியெரிந்தாலும் தெரிந்திருக்காது. நானோ சைக்கிள் கரியரில் அதை வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் சுவிட்சை அழுத்தினேன், சரியாகத்தான் அழுத்தினேனா, விரல் வழுக்கியதா, உள்ளங்கையெல்லாம் வியர்வை. இரண்டாம் தரம் அழுத்தியபோது எரிந்தது, அது நிச்சயம், அப்போது கையால் மறைத்துப் பார்த்தேன். முதல் தரமே ஏன் மறைத்துப் பார்க்கவில்லை மசூரே, திருத்தினதைச் சரிபார்க்கிற நீயெல்லாம் ஒரு செக்கரா? இப்போது கடைக்குள் மேசையில் வைத்து அழுத்துகிறேன், எரிகிறது, அணைக்கிறேன், அழுத்துகிறேன், எரிகிறது, வயரைக் கழற்றிவிட்டுப் பட்டரியில் மட்டும் அழுத்துகிறேன், அதற்கும் எரிகிறது. மேசையில் எதுதான் எரியாது... மேசையில் உட்கார்ந்தா அந்தப் பிள்ளை திருக்கோவிலுக்குப் போகப் போகிறாள், பஸ்ஸில் போகப் போகிறாள், அந்தக் குலுக்கலில். அதற்காகத்தானே பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு மருதமுனை வரைக்கும் குண்டும் குழியுமாகச் சைக்கிள் மிதித்துவிட்டு, வரும் வழியில் நிறுத்தி அழுத்திப் பார்த்தேன்.

அந்தப் பிள்ளை கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறாள், சிவரூபினி, திருக்கோவிலில் ஒரு உதவி நிறுவனத்தின் கந்தோரில் வேலை. லெப்டொப்பைக் கைதவறிப் போட்டது அவள்தான், அது கந்தோர்ப் பெரியவருடையது, அவர் கொழும்புக்குப் போயிருக்கிறார், நாளைக் காலையில் வந்துவிடுவார், அதற்குள் இது மேசையில் பழையபடி இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்விடும். தகப்பன் இல்லாத வீடு, அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது, முதல் நாளே அழாத குறையாகச் சொல்லிவிட்டாள். கணக்கெடுக்க வந்தவன் மாதிரி எல்லாவற்றையும் ஏன் கேட்டு வைத்தேன்... கேட்காமல் இருந்திருந்தால் இது வெறும் மெசின். அக்கரைப்பற்று தாண்டிய பிறகு செக்பொயின்டில் ஆமிக்காரர் எல்லோரையும் இறக்குவார்கள், பையைத் திறக்கச் சொல்வார்கள், கரண்டுச் சாமான் எதுவானாலும் குண்டில்லை என்று போட்டுக் காட்டவேண்டும். ரேடியோ என்றால் பாடவேண்டும், டோர்ச் என்றால் எரியவேண்டும். பாடாத ரேடியோ ஒன்றைக் கொண்டுபோன ஒரு வயசாளியைப் பொழுது சாயும்வரை வெயிலில் குந்த வைத்திருந்தார்களாம், அது ரேடியோ, அவர் நரைத்த மனிசன். இது மூடி போட்ட கறுப்புப் பெட்டி, இதை அந்தப் பொடியன்கள் கண்டும் இருக்கமாட்டார்கள், இவளோ இருபத்தைந்து வயதுத் தமிழ்ப் பிள்ளை. அழுத்தி, எரியாமல் விட்டால்? இரண்டாம் தரம் அழுத்த விடுவார்களா? துவக்கை நீட்டிக்கொண்டு, கையை எடு என்று சிங்களத்தில் கத்தினால் இவளுக்கு விளங்குமா...

“மச்சான், இன்னும் என்ன செய்யிறீங்க? காலையில இருந்து போட்டுப் போட்டு அணைக்கிறீங்க, அதுக்கே பழுதாகிப் போயிரும்.” அதாவுல்லா, என் பெண்சாதி ஜெமீலாவின் தம்பி, திருத்துகிறவன் அவன், பார்க்கிறவன் நான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அந்தப் புள்ளைக்கு பஸ் போயிரும்” என்றான். ஒரு தரம் எரியவில்லை போல இருந்தது என்றேன். “போல எண்டா? எரிஞ்சிச்சா, எரியல்லியா?” மறுபடி சுவிட்சை அழுத்தினேன். அவன் சிரித்தான், கெட்ட எண்ணத்தில் இல்லை, “ஒங்களுக்கு வஸ்வாஸ் மச்சான்” என்றான், அக்காக்காரி சொல்லிக்கொடுத்த சொல். செய்ததைச் செய்தாயா செய்தாயா என்று ஷைத்தான் நெஞ்சுக்குள் ஊதிக்கொண்டிருப்பது. பொய்யா என்ன, தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூ செய்ய உட்கார்ந்தால் முழங்கை நனைந்ததா என்று திரும்பத் திரும்பக் கழுவுகிறேன், பின்னால் நிற்கிறவர்கள் இருமுகிறார்கள், கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறேன், ஜெமீலா ஓதிய தண்ணீர்கூட வாங்கித் தந்து பார்த்துவிட்டாள். குவைத்தில் இதற்குத்தான் சம்பளம் தந்தான். ஹவல்லியில் அந்த சேர்விஸ் சென்டரில், திருத்தி முடிந்த டீவியெல்லாம் என் மேசைக்கு வரும், பார்த்து முடித்து என் நம்பர் போட்ட ஸ்டிக்கரை முதுகில் ஒட்டவேண்டும், பழுதென்று திரும்பி வந்தால் அந்த மிஸ்ரி, எகிப்துக்காரப் போர்மன், முதலில் நம்பரைத்தான் பார்ப்பான். படுத்தாலும் அந்த நம்பர்தான். சதாம் வந்து எல்லாவற்றையும் குழப்ப, ஒரு பையோடு பாலைவனத்தால் ஓடி வந்தோம், அந்த ஓட்டத்திலும் நான் ஒட்டிவிட்டு வந்த டீவிகள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று நினைத்தேனே, விசரன்... ஆனால் வஸ்வாஸ்காரன் கண்ணிலும் உண்மைப் பழுது படும்தானே? படாது என்று எந்தக் கிதாபில் இருக்கிறது?

அவள் எழும்பி வந்து மேசைக்கு முன்னால் நின்றாள். “காக்கா, நம்பிக் கொண்டு போகலாம்தானே?” அண்ணன் முறை வைத்து இப்படி நேராகக் கேட்டால் மனிசன் என்ன செய்வது. நாளைக்கு வாங்க, இன்னொருக்கா கழற்றிப் பார்ப்போம் என்று வாய்வரை வந்தது, நாளைக்கென்றால் வேலை போய்விடும், இன்றைக்கென்றால்... அந்தப் பச்சை லைட் எரிந்ததா, எரியவில்லையா. “கொண்டு போங்க புள்ள,” என்றேன். அவள் முகம் எப்படித் தெளிந்தது, அதைப் பார்த்ததும் உடனே, “சுவிட்ச அமத்தக்க மட்டும் கொஞ்சம் நிதானமா அமத்துங்க, அவசரப்படாதீங்க” என்று சேர்த்தேன். “ஏன் காக்கா, எரியாம விடுமா?” “சீ, அப்படியில்ல, எல்லா மெசினுக்கும் சொல்றதுதான்.” எல்லா மெசினுக்குமா? எந்த மெசினுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன்? பின்னால் ஏதும் நடந்தால், நான் சொன்னேன்தானே, நிதானமாக அமத்தச் சொன்னேன்தானே என்று சொல்லிக்கொள்ளவா? அதாவுல்லா பையில் போட்டுக் கொடுத்தான், துணி சுற்றி, நல்ல அக்கறையாக. அவள் அதைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெயிலுக்குள் இறங்கினாள். பஸ் வந்தது, நிரம்பி வழிந்தது, கொண்டக்டர் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினான். கூப்பிடலாம், புள்ள இறங்குங்க என்று ஒரு சத்தம் போட்டால் போதும்... பஸ் போய்விட்டது.

அஸருக்கு, பின்னேரத் தொழுகைக்கு, பாங்கு சொன்னார்கள். இன்றைக்கு வுளூ ஒரே தரத்தில் முடிந்துவிட்டது, அதுகூட தொழுகைக்கு நின்ற பிறகுதான் உறைத்தது. எத்தனையாவது ரக்அத் என்று தெரியவில்லை, முன்னால் நின்றவர் குனியக் குனிந்தேன். பஸ் இப்போது நிந்தவூர், இப்போது அட்டாளைச்சேனை, இப்போது அக்கரைப்பற்று தாண்டி இறக்கியிருப்பார்கள், வரிசையில் நிற்பாள், பை திறந்திருக்கும். தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் கையை ஏந்தினேன், யா அல்லாஹ், அது எரியவேண்டும், முதல் அமத்தலிலேயே எரியவேண்டும், அந்தப் பச்சை லைட், யா அல்லாஹ், ஒரே ஒரு தரம்... கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அப்படிக் கேட்டேன், பிள்ளைகள் காய்ச்சலில் கிடந்தபோதுகூட அப்படிக் கேட்டதில்லை. ஆமீன் என்று கையை முகத்தில் தடவி இறக்கும்போதுதான் பட்டது, இவ்வளவு நேரமும் மெசினுக்காகத்தான் கேட்டிருக்கிறேன். அவள் பெயர் ஒரு தரமாவது வாயில் வந்ததா? இல்லை. லைட் எரிந்துவிட்டால் என் தலை தப்பிவிடும், அதன் பிறகு அவளை எதற்காக நிறுத்தினாலும், எங்கே குந்த வைத்தாலும், அது என் செக்கிங்கில் சேராது. அதைத்தானே கேட்டேன்? மறுபடி ஏந்திக் கேட்கலாம், யார் தடுத்தது. ஆனால் ஏந்தினால், அது அந்தப் பிள்ளைக்காக இருக்குமா, இல்லை முதல் கேட்டது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்ற அதே சந்தேகமா... பக்கத்தில் இருந்தவர் எழும்பிப் போய்விட்டார். நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, எது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.