ரத்தம் எடுக்கும் முன்பே வந்த ரிப்போர்ட்

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்த இரண்டு லினக்ஸ் கம்ப்யூட்டர்களும் அவள் பொறுப்பு. எல்லோரும் அவளை 'சிஸ்டம்' என்றே கூப்பிடுவார்கள். மாடி வார்டில் நர்ஸாக இருந்தது அவளுடைய சொந்த அண்ணி.

அன்று காலை பெரிய டாக்டர் ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துப் புருவத்தை நெரித்தார். அண்ணி எழுதியிருந்த, ரத்தம் எடுத்த நேரத்துக்கு முன்பே முடிவு வந்துவிட்டதாகக் கூடத்துக் கம்ப்யூட்டர் அதில் பதித்திருந்தது. கோபம் அண்ணிமேல் திரும்பியது.

"நேரத்தை வாய்க்கு வந்தபடி எழுதுவீங்களா?"

"வார்டு கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதினேன், டாக்டர்."

டாக்டர் அண்ணியோடு கூடத்துக்கு இறங்கி வந்து சிஸ்டத்தைக் கேட்டார். கூடத்துக் கம்ப்யூட்டரில், நேரம் வேறொரு கடிகாரத்தோடு ஒத்திசைந்திருப்பதாகத் திரை சொன்னது. "கம்ப்யூட்டர் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

டாக்டர் மாடிக்குத் திரும்பினார். பின்னால் போன அண்ணி கதவருகில் நின்று திரும்பிப் பார்த்தாள். "எடுக்காத ரத்தத்துக்கு ரிசல்ட் சொல்ல நான் என்ன ஜோசியக்காரியா?"

அது சிஸ்டத்துக்குச் சுருக்கென்று தைத்தது. கைப்பேசியைத் திரையருகே பிடித்துப் பார்த்தாள். கம்ப்யூட்டர் இருபது நிமிஷம் பின்தங்கியிருந்தது. பிறகு யாரோடு ஒத்திசைவு? கட்டளையைத் தட்டிக் கேட்டாள். பக்கத்துக் கம்ப்யூட்டரைக் காட்டியது. அதைக் கேட்டால், அது இதைக் காட்டியது! குருடனுக்குக் குருடன் வழிகாட்டிய கதைதான். வெளியிலிருந்து சரியான நேரம் வரும் வழி, நெட்வொர்க்கின் காவல் வேலியான ஃபயர்வாலில் அடைபட்டுக் கிடந்தது. போன மாதம் ஃபயர்வாலை மாற்றியவள் சாட்சாத் அவளேதான்.

வழியைத் திறந்துவிட்டாள். பரிசோதனைகள் ஓடிக்கொண்டிருந்ததால் கடிகாரத்தை ஒரேயடியாகத் தாவ விடவில்லை. சற்றே வேகமாக ஓடி, சாயங்காலத்துக்குள் தானாகச் சரியாகும்படி வைத்தாள். பிறகு மாடியேறி டாக்டரிடம் போனாள்.

"தப்பு என்னோடது, சார். அண்ணி எழுதின நேரம்தான் சரி."

டாக்டர் அண்ணியைக் கூப்பிட்டு, "அவசரப்பட்டுட்டேம்மா, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். நேரம் தவறிய ரிப்போர்ட்டுகளை எல்லாம் உடனே திருத்தச் சொன்னார்.

மதியம் கூடத்தில் இருவரும் அருகருகே உட்கார்ந்தார்கள். அண்ணி வார்டு நேரத்தைப் படிக்கப் படிக்க, அவள் அதோடு ஒப்பிட்டு முடிவு நேரத்தைத் திருத்திக்கொண்டே வந்தாள்.

"இன்னும் கோபமா, அண்ணி?"

"காலைல இருந்துச்சு. இப்ப பசிதான் இருக்கு. சீக்கிரம் முடி, சாப்பிடப் போலாம்."