குறுக்கே போன பைப்

என் போனில் இருக்கும் படங்களில் பாதிக்கு மேல் சுவர்கள். வயர் போகும் பைப்பைப் பதித்ததும் சுவரில் அளவு டேப்பை நீட்டி வைத்து ஒரு படம் எடுத்துவிடுவேன். பூசிய பிறகு வயர் எங்கே ஓடுகிறது என்று சுவர் வாய் திறந்து சொல்லாது.

"உங்க முகத்த ஒண்ணு அனுப்புங்கன்னு எத்தன தடவ கேக்குறது?" என்பாள் மனைவி. நானே கையை நீட்டி எடுத்தால் மூக்கு மட்டும்தான் விழுகிறது. எடுத்துத்தரச் சொல்லிக் கேட்கும் அளவுக்கு, வேலைக்கு வந்த இந்த ஊரில் யாரும் பழக்கமில்லை.

அன்று காலை கூடத்தில் ஸ்விட்ச் மாட்டிக்கொண்டிருந்தேன். படுக்கையறையில் வீட்டுக்கார அம்மாவின் குரல் கேட்டது.

"கண்ணாடிய இங்க மாட்டணும். ஸ்விட்ச்சுக்கும் கட்டில் லைட்டுக்கும் நடுவுல. உள்ள வயர் ஏதும் இருக்குமாண்ணே?"

"இருக்காதும்மா" என்றார் பூச்சுக்காரர். "நம்மாளு நூல் புடிச்ச மாதிரி ஓட்டுவான். ஸ்விட்ச்சுக்கு நேர் மேல ஏத்தி, லைட்டுக்கு நேர் பக்கமா கொண்டுவருவான். நடுவுல தைரியமா ஓட்ட போடலாம்."

டிரில் உறுமியது. கையிலிருந்த ஸ்விட்ச்சை அப்படியே விட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன் அந்தச் சுவரை வெட்டும்போதுதான் மகள் போன் செய்தாள். வாரத்தில் ஒரு நாள்தான் அவள் குரல். "பத்து நிமிஷந்தாம்ப்பா, அப்புறம் டியூஷன்" என்றாள். நேராக ஏற்றினால் அரை மணி நேரம். ஸ்விட்ச்சிலிருந்து லைட்டுக்குச் சாய்வாக ஒரே வெட்டு வெட்டிப் பைப்பை வைத்துவிட்டு உட்கார்ந்து பேசினேன். காலையில் மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தேன். நான் வருவதற்குள் வேறு ஆட்கள் வந்து பூசிவிட்டார்கள். மேஸ்திரி கத்துவார் என்று வாயை மூடிக்கொண்டேன். நேற்றுதான் அந்த லைனுக்குக் கரண்ட் கொடுத்தேன்.

ஓடிப்போய் மெயினை இறக்கினேன். உறுமல் நின்றது.

"யாருய்யா கரண்ட்ட புடுங்குனது?"

"நாந்தாண்ணே." போனில் அந்தப் படத்தைத் தேடிக் காட்டினேன்.

"என்னய்யா இது, ஆடு மேயப் போன மாதிரி குறுக்கால போகுது!"

"மக போன்ல இருந்தாண்ணே. சீக்கிரம் முடிச்சிட்டுப் பேசலாம்னு..."

அவர் டிரில்லைக் கீழே வைத்தார். "உன்ன நம்பித்தானே கை வச்சேன். நான் கருகிப் போயிருந்தா என் மககிட்ட யாருய்யா பேசுவா?"

உளியை எடுத்தேன். பூச்சை உடைத்தபோது அவர் போட்ட ஓட்டை பைப்புக்கு ஒரு விரல் தள்ளி நின்றிருந்தது. வீட்டுக்கார அம்மா அதைப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

பழைய பைப்பை உருவிப்போட்டு, நேராக மேலே ஏற்றி, நேராகப் பக்கவாட்டில் கொண்டுபோய்ப் புதிதாகப் பதித்தேன். பூச்சுக்காரர் கலவை குழைத்துக்கொண்டு வந்தார்.

"மேஸ்திரிகிட்ட நீயே சொல்லிடு."

"சொல்லிர்றேண்ணே."

டேப்பை நீட்டிவிட்டுப் போனை எடுத்தேன்.

"இங்க குடு. நீயும் போய் நில்லு. யாரு ஓட்டுன பைப்புன்னு தெரிய வேணாமா?"

நின்றேன். எடுத்தார். வீட்டுக்கு அனுப்பினேன்.

சாப்பாட்டு வேளையில் மகளின் குரல்பதிவு வந்திருந்தது.

"அப்பா, பைப்பெல்லாம் நேராத்தான் இருக்கு. நீங்கதான் சாஞ்சு நிக்கிறீங்க."

பூச்சுக்காரர் சிரித்தார். நான் அதையே இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன்.