நளன் குளத்து முழுக்கு

மணிபாரதி ஒரு வேலையில் மன்னன். நிரல்களைக் கோத்துத் தளமாகக் கட்டுகிற பில்டு எதுவும் நின்றுபோனால், பிறர் எழுதிவைத்ததை வெளியிலிருந்து இறக்கிச் சேர்த்திருக்கிற பேக்கேஜ்களையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவான். காரைக்காலில் செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் இதற்கு 'நளன் குளத்து முழுக்கு' என்று பெயர். திருநள்ளாற்றில் முழுகியவர்கள் கட்டியிருந்த துணியைக் குளத்தோடு விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள் இல்லையா, அந்த மாதிரி. பழசைத் தூக்கிப் போடு, தோஷம் போய்விடும். பாதி நேரம் போகவும் செய்தது. அவனுக்குத் தலைக்கனம் ஏறியதே அதனால்தான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை கைலாசநாதனுடைய லாட்ஜின் இணையதளம் வெறும் வெள்ளையாய் நின்றது. மறுநாள் சனிக்கிழமை. திருநள்ளாறு லாட்ஜ்காரருக்கு அதை விட்டால் வேறு நாள் ஏது? அறை பதிவு செய்ய வந்தவர்களெல்லாம் பக்கத்து லாட்ஜுக்குப் போக, மனிதர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்து நேரே மாடி ஏறிவிட்டார்.

"யாரு தம்பி இதுல கை வச்சது?"

மணிபாரதி யோசிக்கவே இல்லை. சுரக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் தாமரைச்செல்வி வேலைக்குப் புதுசு, இன்னும் நிரந்தரமாகவில்லை. போன வாரம் அந்தத் தளத்தில் நாள்காட்டி பேக்கேஜ் ஒன்றைச் சேர்த்தவள் அவள்தான். போதாதா?

"ஏம்மா, கண்ட பேக்கேஜையும் உள்ள இழுத்துப் போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? படிச்சிட்டுத்தானே வந்தே?" கீழே செருப்பு வாங்க வந்தவர்கள்கூட அண்ணாந்து பார்த்திருப்பார்கள்.

"அண்ணா, நான் சேர்த்த அப்புறமும் பில்டு நல்லாத்தான் ஓடுச்சு..."

"நீ பேசாதே."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவள் தப்பை ஆதாரத்தோடு காட்டிவிடலாம் என்று லாக் ஃபைலைத் தேடினான். எந்தப் பேக்கேஜில் எந்த வெர்ஷன் என்று பூட்டி வைக்கிற ஃபைல் அது. அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்குப் புது வெர்ஷன்களைக் கொண்டுவந்து போடும். ஃபைல் இருந்த இடத்தில் இல்லை. முந்தின நாள் வேறொரு கோளாறுக்கு முழுக்குப் போட்ட வேகத்தில் அதையும் சேர்த்து அழித்துச் சர்வருக்கு அனுப்பியது தன் கைதான் என்பது அப்போதுதான் உறைத்தது. காலையில் சர்வர் தளத்தை மறுபடி கட்டியபோது ஏதோ ஒரு புது வெர்ஷன் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சாய்த்திருந்தது.

அவனுக்குக் காது மடல் சுட்டது. தலை நிமிராமல் பழைய லாக் ஃபைலை மீட்டுப் போட்டு பில்டை ஓட்டினான். ஓடியது. லாட்ஜின் படங்கள் ஒவ்வொன்றாய் வந்தன.

"அப்பாடா! உங்க கை பட்டாத்தான் தம்பி சரியாவுது," என்றார் கைலாசநாதன். "ஆனா இந்தப் பொண்ணை இனிமே என் வேலையில விடாதீங்க. உங்க முதலாளிகிட்டயும் சொல்லிட்டுத்தான் போவேன்."

முதலாளி காதுக்குப் போனால் அவள் வேலை அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று மணிபாரதிக்கு ஒரு எண்ணம் வந்தது. அப்படி ஒன்று வந்ததற்கே வெட்கமாக இருந்தது.

"நான்தாங்க ஃபைலை அழிச்சேன். அவ மேல தப்பு இல்லீங்க." திட்டும்போது இருந்த குரலில் கால்வாசிகூட இல்லை.

கைலாசநாதன் சிரித்துவிட்டார். "பாரும்மா. அவ்வளவு திட்டுனவரு, உன் வேலைக்கு ஆபத்துன்னதும் பழியைத் தன் தலையில போட்டுக்கிறாரு. பெரிய மனசு. சரி தம்பி, உங்களுக்காக முதலாளிகிட்ட சொல்லலை. ஆனா என் வேலையில மட்டும் இந்தப் பொண்ணு வேணாம்."

"இல்லீங்க, நிஜமாவே நான்தான்..."

"தெரியும் தம்பி, தெரியும்." அவன் முதுகில் தட்டிவிட்டுப் படியிறங்கினார். "சாருக்கு ஒரு நன்றி சொல்லும்மா!"

மணிபாரதி தாமரைச்செல்வியைப் பார்த்தான். அவன் தேடியதையும் மீட்டதையும் பக்கத்து நாற்காலியிலிருந்து அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சேர்ந்த நாளிலிருந்து வாய்க்கு வாய் அண்ணா என்று கூப்பிட்டவள், இப்போது எழுந்து நின்றாள்.

"ரொம்ப நன்றிங்க சார்," என்றாள்.