வலது விளக்கு

"உங்களுக்கு மேல கேட்டுட்டாங்க மதாம். ஏத்தறீங்களா?"

பாரிஸ் ஏலக்கூடத்துப் பெண் தொலைபேசியில் கிசுகிசுத்தாள். எலியான் ஒரு கையால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மறு கையால் அப்பாவின் விரல்களைப் பிடித்திருந்தாள். அப்பா ஓகுஸ்தானுக்கு மதியத்திலிருந்து பேச்சு நின்றுவிட்டது. விரலை ஒருமுறை அழுத்தினால் 'சரி' என்று ஏற்பாடு.

விரல் அழுத்தியது.

"ஏத்துங்க," என்றாள்.

போர்வையின் மேல் ஏலப் புத்தகம் விரிந்து கிடந்தது. படத்தில் ஒரு பழைய டெலாஜ் கார். ஒரு காலத்தில் சீமான்கள் ஏறிய வண்டி. இப்போது தூசியும் கோழி எச்சமுமாக நின்றது. கொட்டகைக்குள் போன நாளில் இருந்தபடியே இருக்கிறது, யாரும் கை வைக்கவில்லை என்று பெருமையாக அச்சிட்டிருந்தார்கள். வலது மட்கார்டின் நெளிவும் உடைந்த வலது விளக்கும்கூட அப்படியே.

"நம்ம வீட்டுக் கூரை ஒழுகுது. இந்தத் துருவை வாங்கி என்னப்பா பண்ணப் போறீங்க? கோழி வளர்க்கவா?" என்று காலையில் கேட்டிருந்தாள்.

அவர் சிரிக்கவில்லை. உடைந்த விளக்கின் மேல் நகத்தை வைத்தார்.

"இது நம்ம வண்டி. உங்க தாத்தா ஓட்டினார். நான் பக்கத்துல. பத்து வயசு எனக்கு. நல்ல மழை. எதுலயோ இடிச்சுது. இறங்கிப் பார்த்தப்பதான் தபால்காரர்னு தெரிஞ்சுது. மூச்சு இருந்துது, எலியான்."

"அப்புறம்?"

"அப்புறம் வீட்டுக்கு வந்துட்டோம்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. இடித்தது யார் என்பதைத் தவிர மிச்சம் ஊருக்கே தெரியும். பள்ளத்தில் கிடந்த உடலுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கண்ணாடிச் சில்லு கிடைத்தது. தபால்காரரின் மகள் ஒதீல் அதை இன்னும் கணப்படுப்புக்கு மேலே வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வருகிற யாருக்கும் எடுத்துக் காட்டுவாள். தாத்தா அப்போது மேயர். சவ ஊர்வலத்தில் முதல் ஆளாக நடந்தவர் அவர்தான். சந்தைத் தெருவுக்கு இன்றும் அவர் பெயர். வண்டியை அந்த வாரமே தெற்கே யாருக்கோ விற்றுவிட்டார். வாங்கியவன் பழுது பார்த்திருப்பான் என்ற நம்பிக்கையில் குடும்பம் தலை நிமிர்ந்து நடந்தது. அவன் கொட்டகையில் விட்டுப் பூட்டிவிட்டான்.

இப்போது வாங்குகிறவன் முதலில் தேடப்போவது அதன் முதல் சொந்தக்காரரைத்தான்.

"மறுபடியும் உங்களுக்கு மேல மதாம். அந்த பெல்ஜியக்காரர் விடமாட்டேங்கறார்."

கூரைக்கு வைத்திருந்த பணம் போயிருந்தது. கீழ்ப் புல்வெளியை விற்றால் வருவதும் போயிருந்தது. இனி ஆப்பிள் தோப்புதான்.

எலியான் விரலுக்காகக் காத்திருந்தாள். தானே அழுத்திப் பார்த்தாள். அது சும்மா இருந்தது. அப்பாவின் கண்கள் புத்தகத்தின் மேலேயே இருந்தன. இமை அசையவில்லை.

"மதாம்? ஏலக்காரர் சுத்தியலைத் தூக்கிட்டார். லைன்ல இருக்கீங்களா?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தோப்பு மிஞ்சும்.

"ஏத்துங்க."

தூரத்தில் மரத்தின் மேல் ஒரு தட்டு கேட்டது.

"உங்களுக்குத்தான்! அப்பாகிட்ட என் வாழ்த்தைச் சொல்லிடுங்க."

"சொல்றேன்," என்று போனை வைத்துவிட்டு, அப்பாவின் இமைகளை மூடினாள்.

சில நாள் கழித்து, அப்பாவின் அடக்கம் முடிந்து ஊர் முழுக்க அவர்கள் முற்றத்தில் சைடர் என்கிற ஆப்பிள் மது குடித்துக்கொண்டிருந்தபோது லாரி உள்ளே திரும்பியது. எலியான் டிரைவரிடம் ஓடினாள்.

"யாரு இன்னைக்குக் கொண்டுவரச் சொன்னது?"

"தினமும் போன் பண்ணி சீக்கிரம் சீக்கிரம்னது நீங்கதானாமே," என்றான் டிரைவர்.

கொட்டகை வாசலை வந்தவர்களின் கார்கள் அடைத்திருந்தன. அவன் முற்றத்து நடுவிலேயே வண்டியை இறக்கிப் படுதாவைப் போர்த்தினான்.

"இறுக்கிக் கட்டுப்பா."

"கயிறு உரசினா பெயின்ட் போயிடும் மதாம். தூசியைக்கூடத் துடைச்சிராதீங்க. விலையே அதுலதான் இருக்கு."

"போற நேரத்துல கார் வாங்கியிருக்கான் பாரு ஓகுஸ்தான்! நடந்து போகக் கௌரவம் இடம் கொடுக்கலபோல," என்றார் கசாப்புக்கடைக்காரர். நாலு பேர் சிரித்தார்கள். லாரி போய்விட்டது.

காற்று எழுந்தது. எலியான் வண்டியின் வலது முன்பக்கம் போய் நின்று, வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் படுதாவின் முனையை இறுகப் பிடித்துக்கொண்டாள். துக்கம் கேட்டவர்களுக்கெல்லாம் அங்கிருந்தே தலையசைத்தாள். இடது கையில் ஒரு சைடர் கோப்பை இருந்தது. கூட்டம் கரைந்துகொண்டே வந்தது.

கடைசியாக ஒதீல் தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள்.

"உங்க தாத்தா எங்கப்பாவுக்கு முன்னால நடந்தார். அதை எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லுவா. அதான், முட்டி வலிச்சாலும் பரவாயில்லைன்னு வந்தேன்." தடியை இடுக்கிக்கொண்டு வலது கையை நீட்டினாள்.

சாவு வீட்டுக்கு வந்தவளின் கை காற்றில் நின்றது. அந்த வீட்டில் யாரும் அப்படி ஒரு கையைக் காக்க வைத்ததில்லை.

எலியான் படுதாவை விட்டுவிட்டு அந்தக் கையைப் பற்றினாள்.

முதுகுக்குப் பின்னால் படுதா ஒருமுறை படபடத்தது. பிறகு உயர எழும்பி, மடிந்து விழுந்தது. ஒதீல் கையை விடவில்லை. அவள் பார்வை மட்டும் எலியானின் தோளைத் தாண்டிப் போய், உடைந்த விளக்கின் மஞ்சள் கண்ணாடியிலேயே நின்றது.