ஓர் ஆளுக்கு ஓர் அறை

"ஒருத்தர்தானா?" என்று நான்காவது லாட்ஜ்காரரும் கேட்டபோது அருணாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமெல்லாம் முதல் மூன்று பேரிடமே செலவாகியிருந்தது. முதல் லாட்ஜை ஆப்பில் பதிவு செய்தாள். பத்தே நிமிடத்தில் கூப்பிட்டு, கூட யார் என்று விசாரித்து, யாருமில்லை என்றதும் ரத்து செய்துவிட்டார்கள். இரண்டாமவர் குடும்பத்துக்கு மட்டும் என்றார். மூன்றாமவர் எதுவுமே சொல்லாமல் போனை வைத்தார். தான் தங்கியிருக்கும் பெண்கள் விடுதியின் மொட்டை மாடியில், காயப்போட்ட நீலச் சீருடைகளுக்கு நடுவில், ஒரு கையால் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஆமாம், ஒருத்திதான் என்று கன்னடத்தில் சொன்னாள். ஓசூர் சிப்காட்டில் அசெம்ப்ளி லைனில் நின்று கற்றுக்கொண்ட கன்னடம் அது. வேலை வாங்க, திட்ட, சாப்பிட்டாயா என்று கேட்க அதில் சொல் உண்டு. கெஞ்சுவதற்கு இல்லை.

"வீட்டுக்காரர் பின்னாடி வருவாரா?"

"வீட்டுக்காரரே இல்ல."

"அப்ப பிஜாப்பூருக்கு எதுக்கு வர்றீங்க?"

"கோல் கும்பஸ் பாக்க."

 ஒரு பெண் இதற்காகவெல்லாம் ரயிலேறி வருவாளா என்று அவர் யோசிப்பது அவளுக்குக் கேட்டது. பிறகு அந்த மனிதர், முந்தைய மூவரைவிட நல்லவர்தான் போலிருக்கிறது, ஒரு வழி சொன்னார். அப்பா நம்பரைக் கொடுங்கள், நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன், அவர் சரி என்றால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் அறையை எடுத்து வைக்கிறேன். அருணா கொடியிலிருந்து கையை எடுத்தாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வைத்தாள். யோசிக்க அதில் ஒன்றுமில்லை.

அவள் கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூர்ப் பக்கத்துக்காரி. ஏரிக்கால்வாய் தண்ணீரில் நெல்லும் கரும்பும் தக்காளியும் போடுகிற தீர்த்தகிரியின் மகள். அந்தக் குடும்பத்தில் அவளுக்கு முன் யாரும் பத்தாவது தாண்டியதில்லை. பி.ஏ. வரலாறு படித்தாள், அரசுக் கல்லூரியில். மூன்று வருடமும் மன்னர்களையும் மாளிகைகளையும் பத்து மார்க் பதினைந்து மார்க்காக எழுதித் தள்ளினாள். கோல் கும்பஸ் தூண் இல்லாமல் நிற்கும் அவ்வளவு பெரிய குவிமாடம், அதன் உள்விளிம்பில் ஒரு பக்கம் கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கம் கேட்குமாம் என்று எழுதி, ஒருமுறை பதினைந்துக்குப் பதினாலு வாங்கினாள். இறுதியாண்டில் துறையில் சுற்றுலா போனார்கள். பையன்கள் போனார்கள். துணைக்கு வர லேடி புரொபசர் இல்லை என்பதால் பெண்களின் பெயர்ப்பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டக்கூட இல்லை. வரலாறு படித்தவள் நேரில் பார்த்த ஒரே கோட்டை கிருஷ்ணகிரி மலைக்கோட்டை. அதுவும் பஸ் ஜன்னல் வழியாக, கீழேயிருந்து. இப்போது இருபத்து நான்கு வயதில், செல்போன் உதிரிபாகத்தில் கீறல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கும் வேலை. பண்டிகை நாளில் வேலை செய்ததற்கு ஈடாக ஒரு திங்கட்கிழமை விடுப்பு கிடைத்தது. சனிக்கிழமை மதியம் ஷிப்டு முடிந்து கிளம்பினால் பெங்களூரில் சாயங்கால ரயில், ஞாயிறு காலை பிஜாப்பூர், ஒரு நாள் தங்கல், திங்கள் சாயங்காலம் திரும்பும் ரயில், செவ்வாய் மதியம் லைனில் நிற்கலாம். துண்டுச்சீட்டில் எழுதிப் பார்த்ததில் எல்லாம் பொருந்தி வந்தது. படுக்க ஓர் அறை மட்டும் பொருந்தவில்லை.

அறைத்தோழி சக்தி, சங்கரன்கோவில்காரி, துணி எடுக்க வந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

"ஏட்டி, பரீச்சை எழுத வாரேன்னு சொல்ல வேண்டியதுதானே. ஹால் டிக்கெட்னு சொன்னா எந்த லாட்ஜுலயும் வாய மூடிட்டு ரூமு குடுப்பாவ."

"எனக்கு எந்தப் பரீச்சையும் இல்ல."

"பொய்தாம்ட்டி. ஒரு பொய் சொன்னா ஒனக்கு நாக்கு அழுகிருமா?"

"அழுகாது. ஆனா அங்க போயும் பரீச்சைக்கு வந்தவ மாதிரியே ஒளிஞ்சி ஒளிஞ்சி நடக்கணும். அதுக்கு நான் இங்கயே இருந்துருவன்."

சக்தி இரண்டு சட்டைகளை உதறித் தோளில் போட்டாள். "அது சரி, ஒரு பக்கம் ரகசியம் பேசுனா அந்தப் பக்கம் நிக்கவங்களுக்குக் கேக்கும்னு சொன்னேல்லா. தனியா போயி யாருட்ட பேசப் போற?"

"எனக்கு நானே பேசிக்கறன்."

"அதுக்கு நம்ம பாத்ரூமு போதும்லா."

லாட்ஜை விடப் பெரிய சங்கடம் கீழே, வார்டன் சாந்தம்மாவின் மேஜையில் இருந்தது. விடுதியை விட்டு ஓர் இரவு வெளியே தங்க வேண்டுமானால் அவுட்பாஸ் வேண்டும். அவுட்பாஸுக்கு அப்பாவின் குரல் வேண்டும். பெண்ணை எதிரில் நிறுத்தி, சாந்தம்மா அப்பாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அனுப்பலாமா என்று கேட்பார். அனுப்புங்க மேடம் என்று ஆண்குரல் வந்தால் சீட்டு. அம்மா குரல் செல்லாது. இதற்கும் விடுதிப் பெண்கள் வழி கண்டுபிடித்துத்தான் வைத்திருந்தார்கள். எதிர் டீக்கடை மதுரைவீரனின் நம்பரை அப்பா நம்பர் என்று சேரும்போதே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அவரும் அந்தந்த ஊர்ப் பேச்சில் அனுப்புங்க மேடம் என்று அருமையாகச் சொல்வார். "இந்த வருசம் எனக்குப் பதினோரு பொண்ணு. ஒருத்திக்குக்கூட கலியாணச் செலவு கெடயாது" என்று டீ ஆற்றிக்கொண்டே பெருமை பேசுவார். சக்தியும் அவருக்கு மகள்தான். அருணா மட்டும் சொந்த அப்பாவின் நம்பரை எழுதியிருந்தாள். எனக்கு அப்பா இருக்கறாரு, எதுக்கு டீக்கடைக்காரர் என்று அன்று வீறாப்பாகக் கேட்டவள். உண்மையை எழுதியதற்குத் தண்டனை இப்போது வந்து நின்றது.

வியாழக்கிழமை காலை, காரணம் என்ற கட்டத்தில் 'ஊர் பார்க்க' என்று எழுதி நீட்டினாள். சாந்தம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"என்னம்மா இது? சாவு எழுதுவாங்க, கல்யாணம் எழுதுவாங்க, காதுகுத்து எழுதுவாங்க. ஊர் பாக்கன்னு இந்த நோட்டுல யாரும் எழுதினதில்ல."

"நான் எழுதியிருக்கறன் மேடம்."

போன் போட்டார். மோட்டார் ஓடும் சத்தத்துக்கு நடுவில் தீர்த்தகிரியின் குரல் வந்தது. வணக்கம் மேடம், பாப்பாவுக்கு ஒடம்புக்கு இன்னா என்று பதறினார். உடம்புக்கு ஒன்றுமில்லை, பிஜாப்பூர் போகிறாளாம், கர்நாடகாவில், லாட்ஜில் தங்குகிறாளாம், தனியாக, அனுப்பலாமா என்று சாந்தம்மா ஒரே மூச்சில் கேட்டார். 

"லாட்ஜா?"

"ஆமா."

"பாப்பா பக்கத்துலதான் இருக்குதா மேடம்?"

"இங்கதான் நிக்கறா."

"நான் அதுகிட்டயே பேசிக்கறன்."

அனுப்பு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாந்தம்மா நோட்டில் 'குரல் இல்லை' என்று எழுதி மூடினார்.

அருணாவுக்குத் தெரிந்த வித்தை ஒன்று உண்டு. கல்லூரியில் சேரும்போது முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக அப்பாவும் அவளும் ஓர் ஆபீசுக்கு நாலு நாள் நடந்தார்கள். நாலாவது நாளும் நாளைக்கு வா என்று சொன்னவரிடம், தர முடியாதுன்னு எழுதி, தேதி போட்டு, சீல் வெச்சிக் குடுங்க சார் என்றாள். அன்று சாயங்காலமே சான்றிதழ் கைக்கு வந்தது. வாயால் இல்லையென்று சொல்பவர்களுக்கு எழுதிக் கொடுக்கக் கை வராது என்று அன்றைக்குப் படித்துக்கொண்டாள்.

"அனுமதி இல்லன்னு எழுதிக் குடுங்க மேடம். காரணமும் போடுங்க."

சாந்தம்மா அசரவில்லை. "நான் எதுக்கு எழுதணும்? நீ போகலைன்னா எழுத வேண்டியதில்ல. போனா, திரும்பி வர்றப்ப உன் பெட்டி வாட்ச்மேன் ரூமுல இருக்கும். அதையும் எழுத வேண்டியதில்ல." பிறகு குரலைத் தணித்தார். "எனக்கும் பொண்ணு இருக்கா அருணா. ஏதாவது ஆச்சுன்னா உன்னை யாரும் கேக்க மாட்டாங்க. என்னைத்தான் கேப்பாங்க."

பெட்டி வெளியே வருவது சாதாரணமில்லை. கம்பெனி பஸ் விடுதி வாசலுக்குத்தான் வரும். வெளியே வாடகைக்கு அறை எடுக்கப் போனால் அங்கேயும் வீட்டுக்காரர் அப்பாவைக் கூட்டிட்டு வா என்பார். விடுதிக் கட்டில் போனால் வேலை ஆட்டம் காணும். வேலை போனால் பாரூர். பாரூர் போனால் ஆறு மாதத்தில் யாரோ ஒருவன் வீட்டார் முன்னால் காபித் தட்டோடு நிற்க வேண்டும்.

அப்பா அன்று சாயங்காலம் கூப்பிட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்து, என்னென்ன சொல்வாரோ அதற்கெல்லாம் பதிலை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள்.

"சாப்டியா பாப்பா?"

"சாப்டன்."

"அங்க இன்னா கீது?"

"பெரிய கட்டடம்ப்பா. ஒரு ராசாவோட சமாதி. நான் படிச்சது."

"சமாதிய பாக்க லாட்ஜுல தங்கணுமா?" பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார். "உங்கம்மாகிட்ட சொல்லல. சொன்னா பச்சத்தண்ணி குடிக்காது. ஊர்ல காதுல உழுந்தா இன்னா பேசுவாங்கன்னு தெரியுமில்ல?"

"தெரியும்ப்பா."

"நான் வர்றன்."

அவளுக்குப் புரியவில்லை.

"நானும் கூட வர்றன். ரெண்டு நாளு தண்ணி கட்ட பக்கத்து நெலத்து அன்புமணிய பாத்துக்கச் சொல்றன். ரூமுக்கு என் பேர எழுதிக் குடு. உள்ள நீ படுத்துக்க, நான் ரயில்வே ஸ்டேஷன்ல படுத்துக்கறன். தக்காளி ஏத்திகினு பெங்களூர் மார்க்கெட் போனா சாக்குமேலதான படுக்கறன். எனக்கு இன்னா."

 ஒரு நிமிடம் அவளுக்கு அது கண்ணுக்குத் தெரிந்தது. தன் பெயரை எழுத்து எழுத்தாக வரைந்து கையெழுத்துப் போடுகிற மனிதர் லாட்ஜ் ரிஜிஸ்டரில் குனிந்து தீர்த்தகிரி என்று வரைவார். வரைந்துவிட்டுப் பிளாட்பாரத்தில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார். காலையில் அவள் குளித்துவிட்டு வரும்வரை வெளியே நிற்பார்.  அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போகாததே அவளுக்கு எரிச்சலாக வந்தது. சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும்: லாட்ஜ் கிடைக்கும், அவுட்பாஸ் கிடைக்கும், கட்டில் நிலைக்கும், அம்மா தண்ணீர் குடிப்பாள். பிளாட்பாரத்தில் படுக்கும் ஆளுக்காகத்தான் அந்த ஊரில் கதவு திறக்கும். உள்ளே படுப்பவளுக்காக இல்லை. மற்றவர்களிடம் போல அவரிடம் எழுதிக் கொடு என்றும் கேட்க முடியாது.

"வேணாம்ப்பா."

"ஏன்?"

"நீ வந்தா ரூமு உனக்குத்தான் குடுப்பாங்க. எனக்குக் குடுக்க மாட்டாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான பாப்பா?"

"ஒண்ணு இல்லப்பா."



"அப்ப மேடத்துக்குப் போனு போட்டு அனுப்புங்கன்னு நான் சொல்லணுமா?"

"உனக்கா சொல்லணும்னு தோணுனா சொல்லு. நான் கேக்கல."

"நான் சொல்ல மாட்டன்."

"சரிப்பா."

"அப்ப போவ மாட்டயே?"

"போறன்ப்பா. சனிக்கிழம ட்ரெயினு."

வைத்துவிடுவார் என்று நினைத்தாள். வைக்கவில்லை. தூரத்தில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.  பிறகு, வேறு யாரோ ஒருவரின் பயணத்தை விசாரிப்பது போல, "எத்தினி மணிக்கு எறங்குவ?" என்றார்.

"எட்டு மணி ஆவும்."

இணைப்பு அறுந்தது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் நான்காவது லாட்ஜைக் கூப்பிட்டாள். அப்பா நம்பர் தர மாட்டேன் என்று ஆரம்பித்தாள். அசெம்ப்ளி லைன் கன்னடத்தில் தயவுசெய்து என்ற சொல் கிடையாது. சொல்வதெல்லாம் உத்தரவாகத்தான் விழும். "ஆதார் என்னுது, காசு என்னுது. ஞாயித்துக்கிழம காலைல உங்க கவுண்டர்ல வந்து நிப்பன். ரூம் காலியா இருந்தும் குடுக்கலைன்னா, தனியா வந்த பொம்பளைக்குத் தர மாட்டோம்னு உங்க லெட்டர்பேடுல எழுதிக் குடுங்க. அதை வாங்காம நகர மாட்டன்."

"லெட்டர்பேடெல்லாம் எங்ககிட்ட இல்லீங்க" என்றார் அவர், உண்மையான வருத்தத்துடன்.

"வெள்ளப் பேப்பர்ல எழுதுங்க."

 "வாங்க, பாக்கலாம்" என்றார். தருகிறேன் என்று சொல்லவில்லை. அவள் அதைக் கவனித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியம்வரை சாந்தம்மாவின் போனுக்கு எந்தக் குரலும் வரவில்லை. ஷிப்டு முடிந்து வந்து குளித்து, பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். கூடவே வந்த சக்தி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல, மதுரைவீரன் அண்ணன்ட்ட ஒரு வார்த்த சொல்லட்டா என்று கேட்டாள். அருணா தலையாட்டி மறுத்தாள். "சரி, பெட்டிய வெளிய வச்சான்னா நான் எடுத்து என் கட்டிலுக்கு அடியில தள்ளிருதேன். போ மூதி" என்றாள் சக்தி. அருணா வாசல் நோட்டில் பெயர், நேரம், போகும் இடம் எல்லாவற்றையும் தெளிவாக எழுதினாள். பாஸ் எண் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். வாட்ச்மேன் நோட்டையும் அவளையும் ஆபீஸ் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். ஜன்னலில் சாந்தம்மா நின்றிருந்தார். வெளியே வரவில்லை, கூப்பிடவும் இல்லை.

பெங்களூர் பஸ் அத்திப்பள்ளி தாண்டும் முன்பே நெரிசலில் நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் லாரிகள். பக்கத்து வரிசையில், ஒரு கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஏதோ ஒரு கம்பெனி பஸ் வந்து நின்றது. அதன் ஜன்னல்கள் நெடுக வெளிர்பச்சைச் சீருடையில் பெண்கள். எல்லாத் தலைகளும் ஒரே பக்கமாகக் கண்ணாடியில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தன. ஒருத்தி மட்டும் விழித்திருந்தாள். அருணாவின் மடியில் இருந்த பையைப் பார்த்தாள். பிறகு அருணாவின் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். அங்கே ஒரு கிழவர் காய்கறிக் கூடையோடு தூங்கினார், கூட வந்தவரில்லை என்று பார்த்தாலே தெரியும். அந்தப் பெண் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து விரல்களை மலர்த்தி, எங்கே என்பது போல மணிக்கட்டைத் திருப்பினாள். அருணா விரலை நீட்டி முன்னால், லாரிகளுக்கும் மேம்பாலத்துக்கும் அந்தப் பக்கம், காட்டினாள். கம்பெனி பஸ் முதலில் நகர்ந்தது. அந்தப் பெண் இருக்கையில் முட்டிபோட்டுத் திரும்பி, உறங்கும் தலைகளுக்கு மேலாக, கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டே போனாள்.