மாமனாருக்கு வந்த வியாதிகள்

“இன்னைக்கு எனக்கு என்னம்மா?” என்று மாமனார் கேட்பார்.

“தலைசுத்தல், மாமா.”

“போன தடவையும் அதேதானே? உங்க மேனேஜருக்குச் சந்தேகம் வந்துடும். மூட்டுவலின்னு சொல்லு.”

“மூட்டுவலிக்கு அரை நாள்தான் குடுப்பாரு.”

“அப்ப மூச்சுத்திணறல். முழு நாள் தேறும்.”

மருமகள் மேனேஜரிடம் போனில் பேசும்போது பக்கத்தில் நின்று இரண்டு தரம் இருமியும் கொடுப்பார். காலமெல்லாம் பேருந்து ஓட்டியவர். உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு நாள் விடுப்பு எடுத்ததில்லை. “வேலையில இருந்தப்ப விட்டதையெல்லாம் இப்ப சேர்த்து அனுபவிக்கிறேன்” என்பார்.

அந்த மாமனார் இப்போது கூடத்தில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார். அவள் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

“உட்காரேன்டி, புள்ளத்தாச்சி” என்றாள் அவருடைய தங்கை. “என் அண்ணன் ஒரு தலைவலின்னு படுத்ததில்லையே! நின்னுக்கிட்டிருந்த மரம் மாதிரி சாஞ்சுட்டாரே!”

தலைவலி என்ற சொல்லைக் கேட்டதுமே அவள் முகம் தாழ்ந்தது.

துணிக்கடையில் அவளுக்குப் படுக்கை விரிப்புப் பிரிவு. மேல் தட்டிலிருந்து இழுத்து, விரித்துக் காட்டி, மடித்து, மறுபடி மேலே ஏற்ற வேண்டும். கடை மூடும்வரை நிற்க வேண்டும். பக்கத்துப் பிரிவுப் பெண் ஆறாம் மாதத்தில் ஒரு நாற்காலி கேட்டாள். “உட்காரணும்னா வீட்ல நிறைய இடம் இருக்கே” என்றார் மேனேஜர். அடுத்த மாதம் அந்தப் பெண் வேலையில் இல்லை. ஆனால் வீட்டுப் பெரியவர்களுக்கு முடியவில்லை என்றால் அதே மனிதர் உருகிப்போவார். “போய்ப் பாரும்மா, அதுதான் முக்கியம்.” அப்படித்தான் இவள் டாக்டரிடம் போகும் நாட்களிலும், கால் வீங்கி செருப்பு ஏறாத நாட்களிலும் மாமனாருக்கு வியாதி வர ஆரம்பித்தது. கணவனிடம் இருவரும் சொல்லவில்லை. சொன்னால் கடைக்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவான்.

இன்று காலை அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். “நெஞ்சு ஒரு மாதிரி கனக்குதும்மா” என்றார்.

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். “இன்னைக்கு வேணாம் மாமா, ஸ்கேன் அடுத்த வாரம்தான். அதுவரைக்கும் நல்லா இருங்க” என்று சிரித்தாள்.

அவரும் சிரித்தார். பெரிதாக ஒன்றுமில்லை என்று சிரித்தாரா, வேலைக்குக் கிளம்பியவளை நிறுத்த வேண்டாமென்று சிரித்தாரா? மதியம் எதிர்வீட்டுக்காரர் போன் செய்ததிலிருந்து அந்தச் சிரிப்பைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“காலையில உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?” என்று கணவன் வந்ததும் கேட்டான்.

“இல்லைங்க.”

வாயிலிருந்து அதுதான் வந்தது.

மாலையில் மேனேஜர் பூமாலையோடு வந்தார். மாலையை வைத்து வணங்கிவிட்டு, கணவன் இழுத்துப்போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். கடையில் நிற்பதுபோலவே அவள் அவர் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“பாவம், ரொம்ப நாளா அவஸ்தைப்பட்டாரு” என்றார் மேனேஜர். “தலைசுத்தல், மூட்டுவலி, மூச்சுத்திணறல்னு ஒரு மனுஷனுக்கு எத்தனைதான் வரும்? விடுதலைன்னு நினைச்சுக்கோங்க தம்பி.”

கணவன் விழித்தான். “யாருக்கு சார், அப்பாவுக்கா?”

மாமனாருடைய தங்கையின் அழுகை பாதியில் நின்றது.

“லீவு கேட்டப்ப நான் ஒரு தடவைகூட மறுத்ததில்ல” என்ற மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். “இனிமே உனக்கும் லீவு தேவைப்படாதேம்மா. எல்லாம் முடிஞ்சதும் வந்துடு. கூட்டம் அதிகமா இருக்கு.”

அவள் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமாவுக்கு ஒரு வியாதியும் இருந்ததில்ல சார். அத்தனையும் எனக்காகச் சொன்னது.” பிறகு கணவனைப் பார்த்தாள். “காலையில நெஞ்சு கனக்குதுன்னு சொன்னாருங்க. அதையும் லீவுக்குன்னு நினைச்சுச் சிரிச்சுட்டேன்.”

கணவன் குனிந்து, அப்பாவின் காலடியில் சுருங்கியிருந்த துணியை நீவிவிட்டான். நீவிய இடத்தையே மறுபடியும் நீவினான்.

மேனேஜர் எழுந்தார். “இதெல்லாம் இந்த நேரத்துல எதுக்கும்மா? கடைக்கு வா, அங்க பேசிக்கலாம்.”

“அங்க வந்தா எனக்கு வாய் வராது சார்” என்றாள். “கடையில உட்கார்ந்து வேலை செய்ய எனக்கு ஒரு நாற்காலி வேணும்.”