கூகைப்பெட்டி

ஏணியின் மேல்படியில் நின்றபடி எலெனா கூகைப்பெட்டியின் வாசலுக்குள் கையை விட்டு இழுத்தார். வந்தது நான் இடுப்பில் கட்டுகிற சாரம். நீலக் கட்டம், கரையோரம் சிகரெட் சுட்ட ஓட்டை. உலகத்தில் வேறு எந்த மடையனுடைய சாரமாகவும் அது இருக்க வழியில்லை. அதைக் கீழே போட்டுவிட்டு மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

எலெனா பலெர்மோவில் ஓர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஆராய்ச்சி செய்பவர். கூகை எலியையும் மூஞ்சூறையும் முழுசாக விழுங்கி, எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். அந்த உருண்டையை ஊறவைத்துப் பிரித்துப் பார்த்தால், சுற்றுவட்டாரத்தில் என்னென்ன சீவராசி மிச்சம் இருக்கிறது என்று தெரியுமாம். அவர் தேடியது சிசிலிப் பக்கத்துக்கே உரிய ஒரு சின்ன மூஞ்சூறு. நான் சியாகுல்லியில் இந்த மண்டரின் தோடம்பழத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டு தோட்டத்து வீட்டிலேயே இருப்பவன். கூகை வந்து கூடு வைக்கட்டும் என்று பம்புக்கொட்டில் சுவரில் அவர் பெட்டி அடித்தபோது ஏணி பிடித்ததும், விழுந்த உருண்டைகளைப் பொறுக்கி பாஸ்தாப் பெட்டியில் சேர்த்து வைத்ததும் நான்தான்.

கூகையே எலியைத் தின்றுவிடும், எலிக்கு நஞ்சு வைக்காதே என்று முதலாளியிடம் அவர் கெஞ்சிக் கூத்தாடியிருந்தார். "இந்த ஒரு வருசம் பார்க்கிறேன். கூகை குஞ்சு பொரித்தால் நஞ்சு வைக்கமாட்டேன். இல்லையென்றால் என் தோட்டம், என் இஷ்டம்" என்று அவன் சொல்லிவிட்டான். மாசி கடைசியில் ஒரு சோடி வந்து குடியேறியபோது, மகளுக்கு நல்ல சம்பந்தம் பொருந்தி வந்த மாதிரி எனக்குப் புழுகம்.

என் மனைவி அகஸ்ரீனாவுக்கு அது கூகை இல்லை, சாக்குருவி. எங்கள் மன்னார்ப் பக்கம் அது கூரைக்கு மேலே கத்திக்கொண்டு போனால் அந்த வீட்டில் செத்தவீடு என்று கணக்கு. "செபமாலை சொல்லுற வாயாலை இதைக் கதைக்கலாமோ?" என்று பகிடி பண்ணுவேன். "மாதா மாதாதான், சாக்குருவி சாக்குருவிதான்" என்பாள்.

தவக்காலத்தில் எனக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்தார்கள். அகஸ்ரீனா பகல் முழுக்க என் கட்டிலடியில் இருந்துவிட்டுப் பொழுதுபட பஸ்ஸில் வீடு திரும்புவாள். அந்த நேரம் பார்த்துத்தான் அது கொட்டில் பக்கம் கிறீச்சிட்டுக்கொண்டு பறக்கும். தனியே அந்த வீட்டில் இருந்து அவள் அதைக் கேட்டிருக்கிறாள், பாவி.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில், "என்னப்பா, குருவியின்ரை சத்தத்தைக் காணேல்லை?" என்று கேட்டேன். "எங்கையாலும் போயிருக்கும். நீங்கள் மருந்தைக் குடியுங்கோ" என்றாள். கொட்டில்வரை நடந்துபோய்ப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மருந்தைக் குடித்தேன்.

இப்போது எலெனா ஏணியால் இறங்கி, சாரத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டு முற்றத்துக்கு வந்தார். மற்றக் கையில் பஞ்சுக்குள் நாலு வெள்ளை முட்டைகள். "செத்துக் கனநாள். யாரோ வேண்டுமென்றே அடைத்திருக்கிறார்கள்" என்றார். "யாருடைய துணி இது?"

குசினி யன்னலில் அகஸ்ரீனா நின்றாள். இத்தாலியன் அவளுக்கு நன்றாக விளங்கும். முட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றவள் வாயைத் திறக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் நான் முந்திக்கொண்டேன்.

"என்னுடையது. ஆஸ்பத்திரிக்குப் போக முதல் நான்தான் அடைத்தேன். சத்தம் தாங்க முடியவில்லை."

"நீயா, யாக்கோபு?" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முட்டைகளை ஒரு டப்பாவில் வைத்து, மேலே இடத்தையும் திகதியையும் எழுதி எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். வழக்கமாகக் கேட்டு வாங்கிப்போகும் பாஸ்தாப் பெட்டி மேசையிலேயே கிடந்தது.

"ஏனப்பா பொய் சொன்னனீங்கள்?" அகஸ்ரீனா முற்றத்துக்கு வந்து கேட்டாள்.

"வேறை என்னத்தைச் சொல்லுறது?"

"மாதாவாணை, முட்டை இருந்தது எனக்குத் தெரியாது. ரெண்டும் வெளியிலை பறந்த நேரம் பாத்துத்தான் அடைச்சனான். அதுகளைச் சாக்காட்ட நினைக்கேல்லை. உங்களைக் கூட்டிக்கொண்டு போகாமல் எங்கையாலும் போகட்டும் எண்டுதான்."

எனக்குக் கோபம் வந்தது, சும்மா சொல்லக்கூடாது, பத்திக்கொண்டு வந்தது. ஆனால் ஆரோடு கோபிக்கிறது? சாக்குருவி போனபடியால்தான் நீங்கள் பிழைச்சனீங்கள் என்று அவள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நன்றாகச் சண்டை பிடித்திருப்பேன், மனமும் ஆறியிருக்கும். அவள் அப்படிச் சொல்லவில்லை. சாரத்தை எடுத்துத் தோய்த்துக் கொடியில் போட்டாள். அது காய்ந்த பிறகும் இருவரும் எடுக்கவில்லை.

அடுத்த கிழமை முதலாளி மரத்தடியெல்லாம் நஞ்சுக் கட்டிகளை வைத்தான். சொன்ன சொல் தவறாத மனுசன்! எலிகள் வாய்க்கால் ஓரம் செத்துக் கிடந்தன. ஒருநாள் காலை அகஸ்ரீனா உள்ளங்கையில் எதையோ ஏந்திக்கொண்டு வந்தாள். பெருவிரல் அளவு உடம்பு, நீண்ட மூக்கு.

"இதுவோ அவ தேடினது?"

"இருக்கும். எனக்குத் தெரியாது. அவவுக்குத்தான் தெரியும்."

அதை ஒரு டப்பாவில் போட்டு மீனுக்குப் பக்கத்தில் பிரீசரில் வைத்தாள். "அவவுக்குப் போன் எடுங்கோ. நான் கதைக்கிறன். நான்தான் செய்தனான் எண்டு சொல்லுறன்" என்றாள். எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. பிறகும் எடுத்துப் பார்த்தோம், அதே கதைதான்.

இப்போது பொழுதுபட்டால் அவள் குசினியில் நிற்பதில்லை. நான் தேடிக்கொண்டு போனால் பம்புக்கொட்டிலடியில், திறந்து கிடக்கும் பெட்டி வாசலை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். செபமாலை கையில் சும்மா தொங்கும். நேற்றும் அப்படித்தான். பக்கத்தில் போய் நின்றேன். மரங்களுக்குள் ஒரு சத்தமும் இல்லை.

"இண்டைக்கும் கத்தேல்லையப்பா" என்றாள்.